வாசல் தாண்டும் கிறிஸ்து பிறப்பு விழா

1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது, சுற்றுப்புற மக்கள் தீப்பந்தங்களோடு வந்து கூடினர். அன்றே அது அண்டை அயலாரின் விழா.

மதுரையிலும் சுற்றுக் கிராமங்களிலும் நாம் வீட்டில் வைக்கோலும் சுரூபங்களும் கொண்டு குடில் அமைக்கிறோம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து விடிந்ததும் முறுக்கும் அதிரசமும் அக்கம்பக்கம் செல்கின்றன. ஆனால், தீபாவளிப் பலகாரமும் ரம்ஜான் பிரியாணியும் நமக்குத் தந்தோருக்கே பெரும்பாலும் தருகிறோம். கைம்மாறு செய்ய இயலாதோரை விருந்துக்கு அழைக்கவே ஆண்டவர் கற்பிக்கிறார் (லூக் 14:12-14).

துக்கத்தால் இவ்வாண்டு பலகாரம் சுடாத வீடு, நம்மோடு பேச்சு நின்றுபோன வீடு, வடமாநிலத் தொழிலாளர் தங்கியிருக்கும் அறை: இந்தக் கதவுகளை முதலில் தட்டுவோம். விடுதியில் இடமின்றிப் பிறந்த பாலன் இயேசு அங்கே நமக்காகக் காத்திருக்கிறார்.