அழைப்பிதழின் வேற்றுமைகள்

விவாக அழைப்பிதழை எவரும் இலக்கியமாகக் கொள்வதில்லை. குறித்த நாள் கடந்ததும் சுவர் ஆணியிலிருந்து அடுப்படிக்குப் போய்விடும் தாள் அது. ஆயினும், ஒரு சமுதாயம் தன் உறவுமுறைகளைப் பற்றி எத்தகைய எண்ணங் கொண்டிருந்தது என்பதைக் காவியங்களிலும் பார்க்க ஒளிவுமறைவின்றி உரைப்பவை இத்தகைய தாள்களே. காவியம் இயற்றுவோன் சிந்தித்து எழுதுகிறான். அழைப்பிதழ் எழுதுவோனோ பழைய அழைப்பிதழொன்றைப் பக்கத்தில் வைத்துப் பெயரையும் நாளையும் மாற்றி எழுதுகிறான்.

சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் அச்சான விவாகப் பத்திரிகைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. முதலில் ஆண்டின் பெயர், மாதம், திகதி, திதி, நட்சத்திரம், யோகம், இலக்கினம் என்பன வரும். பஞ்சாங்கத்தின் ஒரு பக்கத்தைப் பெயர்த்தெடுத்து வைத்தாற் போலிருக்கும். எந்தக் கிழமை என்று தேடும் விருந்தாளி நாலு வரியையேனும் கடந்தாக வேண்டும். அதன் பின்னரே செய்தி தொடங்கும். தந்தையார் ஒருவர், தமது 'கனிஷ்ட குமாரத்தி சௌபாக்கியவதி' இன்னாளை, இன்னாரது 'ஜேஷ்ட குமாரன் சிரஞ்சீவி' இன்னானுக்குப் 'பாணிக்கிரகணம்' செய்து கொடுப்பதாய்ப் 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டிருப்பதால்', தாங்கள் 'இஷ்டமித்திர பந்துக்கள் சகிதம்' விஜயஞ் செய்து ஆசீர்வதிக்க வேண்டுமென்று கோருவார். பாணிக்கிரகணம் என்பது கைப்பற்றுதல், பற்றுபவன் மணமகன். அதனைத் தந்தையார் செய்து கொடுப்பது எங்ஙனம் என்று பத்திரிகை எழுதியோர் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

இவ்வாக்கியத்தைப் பகுத்துப் பார்ப்போம். எழுவாய் தந்தை. மகள் இரண்டாம் வேற்றுமை ஏற்று நிற்கிறாள், அதாவது, செயப்படுபொருள். மணமகன் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறான். நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களை அடுக்கும் நன்னூலார் முதலில் வைப்பது கொடை. ஆக, மணவினையைக் கொடுத்தல் வாங்கலாகவே இவ்வாக்கியம் காண்கிறது. இது வடமொழிச் சடங்கின் செல்வாக்கு மட்டுமே என்று சொல்லித் தப்பிக்கொள்ள நம்மால் இயலாது. கற்பியலின் முதற் சூத்திரத்திலே தொல்காப்பியரும், கொடுத்தற்குரியோர் கொடுக்கக் கொள்வதையே கற்பு என வரையறுத்தார். ஆனால் அவர் அவ்வளவில் நிற்கவில்லை. உடன்போக்கு நிகழ்ந்தவிடத்துக் கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டென்று அடுத்த சூத்திரத்திலேயே உரைத்தார். காணியும் குடிமையும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய நிலவுடைமைச் சமுதாயத்தில் முதற் சூத்திரம் வழக்காயிற்று. இரண்டாவது வித்துவான்களின் உரைகளோடு நின்றுவிட்டது.

யாழ்ப்பாணத்தில் ஒரு விவாகத்துக்கு இரண்டு எழுத்துக்கள் பிறப்பதுண்டு. ஒன்று அச்சகத்தில் பிறக்கும் அழைப்பிதழ். மற்றையது நொத்தாரிசின் மேசையில் பிறக்கும் சீதன உறுதி. முன்னையதில் மகள் கொடுக்கப்படுகிறாள். பின்னையதில் காணி கொடுக்கப்படுகிறது. அழைப்பிதழ் ஊருக்கெல்லாம் போகும். உறுதி பெட்டகத்துக்குப் போகும். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைப்படி சீதனம் பெண்ணின் உடைமையே. இதனைப் பெருமையாகச் சொல்வோர் பலர். ஆனால் யாழ்ப்பாணத்து விவாக உரிமை, மரபுரிமை பற்றிய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணியைக் கணவனின் எழுத்துமூலமான சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது. அழைப்பிதழின் இரண்டாம் வேற்றுமை உறுதியிலும் தொடர்கிறது.

இவ்வாக்கியத்தை உடைக்க முனைந்தது தமிழகத்தின் சுயமரியாதை இயக்கம். அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928இல் நிகழ்ந்ததே அவ்வியக்கத்தின் முதல் திருமணமாகக் குறிக்கப்படுவது. 1929 பெப்ரவரியிற் செங்கற்பட்டில் கூடிய மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிடல், பெண்ணுக்குச் சொத்துரிமை, துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஆகியவற்றைத் தீர்மானங்களாக நிறைவேற்றியது. விவாகம் 'வாழ்க்கை ஒப்பந்தம்' ஆயிற்று. ஒப்பந்தம் என்றதும் இருவர் வேண்டும். இருவரும் எழுவாயாக வேண்டும். திதியும் இலக்கினமும் நீங்கின. உழைப்பவனுக்கு ஓய்வுள்ள ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. சிலர் வேண்டுமென்றே இராகுகாலத்தில் மணஞ் செய்தனர். இதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாதென்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்தது. ஏற்கெனவே நடந்த திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கிய திருத்தச் சட்டம் அண்ணாதுரை ஆட்சியில் 1967இல் நிறைவேறி, 1968 சனவரியிற் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. உறவினரும் நண்பரும் காண, இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தமக்கு விளங்கும் மொழியிற் கூறினும், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளினும், தாலி கட்டினும் போதுமென்றது அச்சட்டம். பெண் தன் வாயாற் பேசும் தன்மை எழுவாய் சட்டத்தில் ஏறியது.

இதற்கு இணையாக 1916இல் தோன்றிய தனித்தமிழ் இயக்கத்தின் செல்வாக்கும் அழைப்பிதழிற் படிந்தது. சிரஞ்சீவி 'திருவளர்செல்வன்' ஆனார். சௌபாக்கியவதி 'திருநிறைச்செல்வி' ஆனார். பாணிக்கிரகணம் 'வதுவை நன்மணம்' ஆயிற்று. பந்துக்கள் 'சுற்றமும் நட்பும்' ஆயினர். தமிழாசிரியன் என்ற முறையில் இம்மாற்றத்தை நான் வரவேற்கிறேன். எனினும், சொற்கள் மாறிய அளவுக்கு வேற்றுமைகள் மாறவில்லை. திருநிறைச்செல்வியை இன்னமும் திருவளர்செல்வனுக்கே திருமணஞ் செய்து கொடுக்கிறோம். வடசொல்லைக் களைவதற்கு அகராதி போதும். 'ஐ' உருபைக் களைவதற்குக் காணியைப் பற்றியும் சீதனத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். சுயமரியாதைக்காரர் அவற்றைப் பேசினர். சொல்லை மட்டும் எடுத்துக்கொண்ட நடுத்தர வர்க்கத்தினர் பேசவில்லை.

இன்று நம்மூர்களில் வரும் அழைப்பிதழ்களைப் பாருங்கள். தாயாருக்கும் இடங் கிடைத்திருக்கிறது என்பது உண்மையே; ஆனால் 'திரு. திருமதி' என்பதன் பின்னே தந்தையின் பெயர் மட்டும் நிற்கும். பத்து மாதம் சுமந்தவளின் பெயர் என்னவென்பதை அழைக்கப்பட்டோர் அறியார். 2009இல் முடிவுற்ற போர் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் குடும்பங்களைப் பெண்களின் தலைமையில் விட்டுச்சென்றது. கணவனை இழந்து, தையல் தைத்தும் கூலிக்குப் போயும் மகளைப் படிப்பித்து ஆளாக்கிய தாயொருத்தி, அம்மகளின் திருமணத்துக்கு ஊரவரை அழைக்க முற்படுகையில், மங்கலக் காரியத்தில் கைம்பெண்ணின் பெயர் முன்னிற்கலாகாது என்பார் சுற்றத்தார். அழைப்போராகப் பெரியப்பாவோ மாமனோ கையொப்பமிடுவர். அவளுடைய பெயர், 'காலஞ்சென்ற' என்ற அடைமொழியோடு வரும் கணவன் பெயரின் பின்னே சிறிய எழுத்தில் நிற்கும். சில அழைப்பிதழ்களில் அதுவுமில்லை.