வருஷக்கணக்கா ஷெட்டில் நிற்கும் அம்பாசிடர்... சாவியைத் திருப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

காரைக்கால் மாவட்டம் திருமலைராயன்பட்டினம் மாதிரியான கடலோர ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். வெளிநாட்டில் இருக்கும் குடும்பம் லீவுக்கு வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும். பின்பக்க ஷெட்டில் தாத்தா ஓட்டிய அம்பாசிடரோ பத்மினியோ தூசி மூடி நிற்கும். "புது பேட்டரி மாட்டி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமா?" என்று யாராவது கேட்பார்கள்.

அந்த 'ஒரு தடவை'யே இன்ஜினைக் காலி செய்துவிடலாம். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். ஏன்னா, ஓடுற கார் நிற்கவும் செய்யணுமே!

ஏன் உடனே ஸ்டார்ட் பண்ணக் கூடாது?

பல வருஷம் ஓடாமல் நின்றால் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலம் வழிந்து இறங்கிவிடும். அந்த இடத்தில் துரு பிடித்து, பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்தால் ரிங் உடையலாம், சுவரில் கீறல் விழலாம். உப்புக் காற்று அடிக்கும் கடலோரத்தில் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

கடல் நீர் புகுந்த வண்டி என்றால் கதையே வேற. 2004 சுனாமி, 2018 கஜா புயல் என இந்தக் கடற்கரை பார்த்த வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் வீட்டில் முயற்சி செய்யவே வேண்டாம். இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில், ஒயரிங் எல்லாத்தையும் மெக்கானிக் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

முதல் வேலை: கண்ணால் பாருங்க

பானெட்டை மெதுவாகத் திறங்க. எலிக்கூடு, பாம்பு, குளவிக்கூடு எது வேணும்னாலும் இருக்கலாம். எலி கடித்த ஒயரில் கரண்ட் பாய்ந்தால் தீப்பிடிக்கும். அதனால் ஒயரைப் பார்த்து முடிக்கும் வரை பேட்டரியை மாட்டாதீங்க. பழைய பிரிட்டிஷ் டிசைன் கார்கள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். மாற்றி மாட்டினால் சார்ஜிங் சிஸ்டம் போய்விடும்.

அடுத்து ஆயில் குச்சியை உருவிப் பாருங்க. ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

இன்ஜினைக் கையால் சுற்றணும்

* ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விடுங்க. ஒன்றிரண்டு நாள் ஊறட்டும்.
* கியரை நியூட்ரலில் வைத்து, கையால் மெதுவாகச் சுற்றுங்க. பழைய அம்பாசிடரில் முன்பக்கம் ஹேண்டில் போடும் வசதி இருக்கும். அசையவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம்.
* சுலபமாகச் சுற்றினால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்க. பிளக் மாட்டாமலே ஸ்டார்ட்டரைச் சில விநாடி ஓட்டி, ஆயில் பிரஷர் ஏறுதா என்று பாருங்க.

பழைய பெட்ரோல் வேண்டவே வேண்டாம்

டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல் வார்னிஷ் மாதிரி வாடை அடிக்கும். அது கார்புரேட்டரின் சின்னச் சின்னத் துளைகளை அடைத்துவிடும். திறந்தவெளியில், பக்கத்தில் நெருப்பே இல்லாமல் வடித்துவிடுங்க. டேங்க்கில் துரு இருக்கிறதா பாருங்க. பெட்ரோல் ஹோஸ், ஃபில்டர், பம்ப்பில் இருக்கும் டயாஃபிரம் மூன்றையும் மாற்றுவது நல்லது.

இன்னொரு விஷயம். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதனால் எத்தனாலைத் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்க. மறுபடி மாசக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீங்க.

ரேடியேட்டரில் பழைய தண்ணீரை வடித்து, கூலன்ட் ஊற்றுங்க. கடலோர போர் தண்ணீரில் உப்பு இருக்கும், அது வேண்டாம்.

ரொம்ப முக்கியம்: பிரேக்

ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் பலரும் மறப்பது இதைத்தான். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் உள்ளே துரு பிடிக்கும், ரப்பர் கப் கெட்டுப்போகும். நின்ற இடத்தில் பெடல் கெட்டியாக இருப்பது போலத் தெரியும். ரோட்டில் அவசரமாக மிதிக்கும்போது மொத்தமாகக் கீழே போய்விடும். பழைய மாடல்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கிலுமே பிரேக் இருக்காது. அதனால் சிலிண்டர் ரப்பர், ஹோஸ், ஆயில் மூன்றையும் மாற்றாமல் கேட்டைத் தாண்டாதீங்க.

டயரிலும் ஏமாறக் கூடாது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். பக்கவாட்டில் இருக்கும் 4 இலக்க எண்ணைப் பாருங்க. 2312 என்றால் 2012-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. 3 இலக்கம் மட்டுமே இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். யோசிக்காமல் மாற்றிவிடுங்க.

இப்போ ஸ்டார்ட் பண்ணலாம்

வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளுங்க. மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பிரஷர், சூடு, ஒழுகல் மூன்றையும் கவனிங்க. புகையும் சேதி சொல்லும்:

* நீலம்: ஆயில் எரியுது. சிலிண்டரில் விட்ட ஆயிலால் முதலில் கொஞ்ச நேரம் வரும், பிறகு நிற்கணும்.
* வெள்ளை, நிற்காமல் வந்தால்: தண்ணீர் உள்ளே போகுது.
* கறுப்பு: பெட்ரோல் அதிகமாகப் போகுது.

பேப்பர் சரியா இருக்கா?

டி.ஆர்.பட்டினத்தில் இருந்து தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அதாவது தமிழ்நாடு. "சும்மா ஒரு ரவுண்டு" என்று கிளம்பினாலே மாநில எல்லையைக் கடந்துவிடலாம். ஆர்.சி. காலாவதியாகி, இன்ஷூரன்ஸ் இல்லாமல் யார் மீதாவது மோதினால், இழப்பீடு உங்கள் கையில் இருந்துதான் போகும்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருஷத்துக்கு. அதன்பின் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். காரைக்கால் பதிவான பி.ஒய். 02 வண்டி என்றால் காரைக்கால் போக்குவரத்து அலுவலகத்தை அணுகலாம். மூன்றாம் நபர் காப்பீடு, புகைச் சான்று கட்டாயம்.

முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 'வின்டேஜ்' பதிவு கிடைக்கும். 'வி.ஏ' எழுத்து கொண்ட நம்பர், 20,000 ரூபாய் கட்டணம், 10 வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்குத்தான் ஓட்ட முடியும். தினசரி கடைக்குப் போக ஆகாது.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. இருக்கிற ஒவ்வொரு வண்டியும் இனி கிடைக்காத வண்டி. இத்தனை வருஷம் காத்திருந்த கார் இன்னும் ரெண்டு வாரம் காத்திருக்கும். முதலில் பிரேக், கடைசியில் சாவி. வரிசையை மட்டும் மாத்திடாதீங்க.