போர் முடிந்த பின் புல்டோசர்கள் எங்கே போயின?

போர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது டாங்கி, பீரங்கி, போர் விமானம். புல்டோசர் யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் போரிட்ட அமெரிக்கத் தளபதி வில்லியம் ஹால்சி, வெற்றிக்குக் காரணமான கருவிகளை வரிசைப்படுத்தியபோது நீர்மூழ்கிக் கப்பல், ரேடார், விமானம் இவற்றுக்கு அடுத்த நான்காவது இடத்தை புல்டோசருக்குத்தான் கொடுத்தார். டாங்கிக்குக் கூட அந்தப் பட்டியலில் இடமில்லை!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிலருக்கு ஒரு விநோதமான பொழுதுபோக்கு உண்டு. ராணுவம் வேண்டாம் என்று கழித்துவிட்ட புல்டோசர், கிரேடர், பள்ளம் தோண்டும் இயந்திரம் போன்றவற்றை ஏலத்தில் எடுத்து, மாதக்கணக்கில் மல்லுக்கட்டி மறுபடியும் ஓட வைப்பது. 'காயலான் கடைக்குப் போகவேண்டியதை வீட்டுக்கு எதற்கு இழுத்து வரவேண்டும்?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் படித்துப் பார்த்தபோது, இதற்குள் ஒரு பெரிய சரித்திரமே இருப்பது தெரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மண் அள்ளிய படை

1942இல் அமெரிக்கக் கடற்படை 'சீபீஸ்' என்ற கட்டுமானப் படையைத் தொடங்கியது. தீவுகளில் இறங்கி, காட்டை அழித்து, விமான ஓடுதளம் போடுவது இவர்கள் வேலை. 1943 அக்டோபரில் டிரெஷரி தீவுகளில் இறங்கியபோது ஜப்பானியரின் பதுங்கு அரண் ஒன்று வழிமறித்தது. அவுரேலியோ டாசோன் என்ற சீபீ வீரர், புல்டோசரின் முன்பலகையைக் கேடயம் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக அதன்மீது ஓட்டிச் சென்று மண்ணோடு மண்ணாக்கிவிட்டார். இதற்காக அவருக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 1944 மார்ச் 5 அன்று இரவு, அசாமின் லாலாகாட் தளத்திலிருந்து இன்ஜின் இல்லாத கிளைடர்கள் பர்மா காட்டுக்குள் இழுத்துச் செல்லப்பட்டன. அவற்றில் வீரர்களோடு சின்னச் சின்ன புல்டோசர்களும் இருந்தன. 'பிராட்வே' என்று பெயரிடப்பட்ட அந்தக் காட்டு வெளியில் பல கிளைடர்கள் மோதி நொறுங்கின. ஆனாலும் மறுநாள் இரவே சரக்கு விமானங்கள் இறங்கும் அளவுக்கு ஓடுதளம் தயாராகிவிட்டது.

அதே சமயத்தில் அசாமின் லிடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவை எட்டும் சாலைக்காக மலைகள் குடையப்பட்டுக்கொண்டிருந்தன. 1942 டிசம்பரில் தொடங்கிய வேலை 1945 ஜனவரியில் முடிந்தது. இதில் உழைத்த அமெரிக்க வீரர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் நிறப்பாகுபாடு இருந்தது. துப்பாக்கியை வெள்ளையர் கையிலும், மண்வெட்டியையும் புல்டோசரையும் கறுப்பர் கையிலும் கொடுக்கும் வழக்கம். அந்தச் சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் உயிரிழந்தார்கள். கூட வேலை செய்த இந்திய, பர்மியத் தொழிலாளர்களின் சாவுக்குச் சரியான கணக்கே இல்லை.

மூன்று இடங்கள், மூன்று முடிவுகள்

சரி, போர் முடிந்தது. இந்த இயந்திரங்கள் எல்லாம் என்ன ஆயின?

முதல் இடம், பசிபிக் கடலில் இன்று வனுவாட்டு என்று அழைக்கப்படும் நாட்டிலுள்ள எஸ்பிரிட்டு சாண்டோ தீவு. அதை அப்போது பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்டுகொண்டிருந்தன. அமெரிக்கர்கள் தங்கள் லாரிகளையும் புல்டோசர்களையும் அடிமாட்டு விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். எப்படியும் விட்டுவிட்டுத்தானே போகப்போகிறார்கள், எதற்குக் காசு என்று இவர்கள் வாங்க மறுத்தார்கள். கோபமடைந்த அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் கடலுக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள்! அந்த இடத்துக்கு 'மில்லியன் டாலர் முனை' என்றே பெயர் வந்துவிட்டது. இப்போது ஆழ்கடல் நீச்சல்காரர்கள் போய்ப் பார்க்கும் சுற்றுலா இடம் அது.

இரண்டாவது, ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா (இன்றைய தான்சானியா). போருக்குப் பிந்தைய எண்ணெய்ப் பஞ்சத்தைத் தீர்க்க அங்கே பிரம்மாண்டமாக நிலக்கடலை பயிரிட பிரிட்டன் திட்டம் போட்டது. காட்டை அழிக்க, பிலிப்பைன்ஸில் கிடந்த அமெரிக்க ராணுவ டிராக்டர்களையும் புல்டோசர்களையும் வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். வந்து இறங்கியவற்றில் பல ஏற்கெனவே துருப்பிடித்துத் தேய்ந்தவை. பழுது பார்க்கப் பட்டறை இல்லை, உதிரி பாகம் இல்லை, பயிற்சி பெற்ற ஆளும் இல்லை. கொஞ்ச நாளிலேயே அவற்றில் பாதிக்கு மேல் படுத்துவிட்டன. மண்ணும் மழையும் கூடக் கைகொடுக்கவில்லை. 1951இல் திட்டம் கைவிடப்பட்டபோது நஷ்டம் சுமார் 3 கோடியே 60 லட்சம் பவுண்டு.

மூன்றாவது இடம் நம் இந்தியா. அமெரிக்கப் படை இங்கே விட்டுச்சென்ற டிராக்டர்களை வைத்து 1947இல் மத்திய டிராக்டர் அமைப்பு தொடங்கப்பட்டது. மத்திய இந்தியாவில் 'கான்ஸ்' என்ற ஆழமாக வேரோடும் புல் படர்ந்து லட்சக்கணக்கான ஏக்கர் விளைநிலம் வீணாகிக் கிடந்தது. மாட்டு ஏரால் அந்த வேரைப் பிடுங்க முடியாது. போருக்கு வந்த எந்திரங்கள் அந்த நிலத்தை உழுதன. பிறகு 1949இல் உலக வங்கியிடம் 1 கோடி டாலர் கடன் வாங்கிப் புது டிராக்டர்கள் வரவழைத்து இதே வேலையை விரிவாக்கினார்கள்.

ஒரே போர், ஒரே வகை இயந்திரங்கள். ஒன்று கடலடியில், ஒன்று காட்டில் துருவாக, ஒன்று வயலில். பழைய இரும்புக்குத் தானாக மதிப்பு கிடையாது. அதைப் பிரித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, பொறுமையாகச் சரிசெய்யும் கை இருந்தால்தான் மதிப்பு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பாகனுக்கும் தச்சனுக்கும் தெரிந்த ஊரில் மட்டும்தான்!

விவசாயி வண்டி, ராணுவ வண்டி, மறுபடி விவசாயி வண்டி

இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் பேசப்படும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பெயர் எஃப்.எல்.யு. 419. முன்னால் மண் அள்ளும் வாளி, பின்னால் பள்ளம் தோண்டும் கை. பார்க்க நம்மூர் ஜேசிபி போலத்தான் இருக்கும். ஆனால் சாலையில் மணிக்குச் சுமார் 80 கி.மீ. வேகத்தில் ஓடும். எடை 7 டன்னுக்கும் சற்று அதிகம். படையோடு கூடவே ஓடி, நின்ற இடத்தில் சட்டென்று பதுங்குகுழி தோண்டித் தரவேண்டும் என்பதற்காக அமெரிக்க ராணுவம் 1980களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை வாங்கியது.

இதன் அடிப்படை ஜெர்மனியின் 'யூனிமாக்'. அதன் கதை சுவாரசியமானது. 1945இல் ஜெர்மனி தோற்றுச் சிதைந்து கிடந்தது. ஊரெங்கும் பசி. டெய்ம்லர்-பென்ஸில் விமான இன்ஜின் பிரிவில் இருந்த ஆல்பர்ட் ஃப்ரீட்ரிக் என்ற பொறியாளர், விவசாயிகளுக்காக நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு வண்டியை வரைந்தார். சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி 1270 மி.மீ. ஏன் இந்தக் கணக்கு? இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளின் அகலம் அது! போர் விமானம் செய்தவர் உருளைக்கிழங்கு வண்டி செய்தார். அந்த உருளைக்கிழங்கு வண்டி நாற்பது வருடத்தில் எதிரி நாட்டு ராணுவத்துக்கே பதுங்குகுழி தோண்டப் போனது. இன்று அது ஏலத்தில் விற்கப்பட்டு மறுபடியும் பண்ணைகளில் வாய்க்கால் வெட்டுகிறது.

இதில் இருப்பது ஓ.எம். 352 என்ற ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். சிலிண்டர் விட்டம் 97 மி.மீ., கொள்ளளவு 5675 சி.சி. நம்மூர் லாரி மெக்கானிக்குகளுக்கு இந்த எண் எங்கோ கேட்டது போல இருக்கும். டெய்ம்லர்-பென்ஸ் கூட்டுறவில் 1954இல் லாரி தயாரிக்கத் தொடங்கிய டாடாவின் புகழ்பெற்ற '697' இன்ஜினுக்கும் இதே விட்டம், இதே கொள்ளளவுதான்.

உயிர் கொடுப்பது எப்படி?

வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டியை வாங்கிவந்து சாவியைத் திருப்பினால் ஓடாது. முதலில் டேங்கில் கெட்டுப்போன டீசலை வடித்துச் சுத்தம் செய்யவேண்டும். வெடித்துப்போன ஹைட்ராலிக் குழாய்களை மாற்றவேண்டும். இறுகிப்போன பிரேக்கைப் பிரிக்கவேண்டும். 1980களில் அமெரிக்க ராணுவம் சிலிக்கோன் பிரேக் ஆயிலுக்கு மாறியது. அதோடு கடையில் கிடைக்கும் சாதாரண ஆயிலைக் கலக்கக் கூடாது. மின்சாரம் 24 வோல்ட், எனவே 12 வோல்ட் பல்பு போட்டால் புகைதான் வரும். எல்லாவற்றையும் விட முக்கியமானது பெயின்ட். ரசாயனத் தாக்குதலைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட அந்தப் பூச்சைத் தகுந்த முகமூடி இல்லாமல் உரசித் தேய்த்தால் அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரும் ஆபத்து.

இவ்வளவு சிக்கலிலும் இரண்டு விஷயங்கள் கைகொடுக்கின்றன. ஒன்று, கையேடு. படிப்பு குறைந்த இளம் வீரனும் புரிந்துகொள்ளும்படி ஒவ்வொரு திருகாணிக்கும் படம் போட்டு எழுதப்பட்டவை இந்த ராணுவக் கையேடுகள். ஓட்டுபவருக்கு ஒன்று, படைப்பிரிவு மெக்கானிக்குக்கு ஒன்று, பெரிய பட்டறைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். அமெரிக்க அரசு எழுதியவற்றுக்கு அந்நாட்டில் காப்புரிமை கிடையாது என்பதால் யாரும் படியெடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, 13 இலக்க உதிரிபாக எண். அதில் ஐந்தாம், ஆறாம் இலக்கங்கள் எண்ணைப் பதிவு செய்த நாட்டைச் சொல்லும். 12 என்றிருந்தால் ஜெர்மனி. டாங்கனிக்காவில் உதிரி பாகமும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாமல் போனதை நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் எதற்கு?

போர் இயந்திரத்தைக் கொஞ்சுவது போரையே கொஞ்சுவதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். டாங்கிக்கும் விமானத்துக்கும் எல்லா நாட்டிலும் அருங்காட்சியகம் உண்டு. சாலை போட்டவனின் வண்டிக்கு அது அபூர்வம். லிடோ சாலையில் மண் தள்ளிய கறுப்பினத் தொழிலாளியின் பெயர் பாடப்புத்தகத்தில் வராது. அவன் உட்கார்ந்த இருக்கையாவது எங்கோ ஒரு கொட்டகையில் மிஞ்சியிருக்கட்டுமே!

போர்க் கழிவுகள் கற்பனைக்கும் தீனி போட்டிருக்கின்றன. 1945 அக்டோபரில் இங்கிலாந்தின் உட்டாக்ஸிட்டர் என்ற சிற்றூரில் ஒருவர் போரில் மிஞ்சிய உலோகங்களை வைத்து ஒரு டிரெய்லர் செய்து 45 பவுண்டுக்கு விற்றார். அவர் பெயர் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு. சுருக்கமாக ஜே.சி.பி. நாம் மஞ்சள் வண்டி எதைப் பார்த்தாலும் சொல்கிறோமே, அதே ஜேசிபிதான்! இன்னொரு வேடிக்கை, அந்த எஃப்.எல்.யு. 419 வண்டிகளுக்கு மாற்றாக அமெரிக்க ராணுவம் பின்னாளில் வாங்கியதும் ஜேசிபி தயாரித்த வண்டியைத்தான். போர்க் கழிவில் பிறந்த கம்பெனி, போர் வண்டியைக் கழிவாக்கிவிட்டது.

தமிழில் 'ஆயுதம்' என்ற ஒரே சொல் வாளுக்கும் பொருந்துகிறது, ஆயுத பூஜையில் பொட்டு வைத்துக்கொள்ளும் சுத்தியலுக்கும் லாரிக்கும் பொருந்துகிறது. ராணுவ புல்டோசரை அந்தச் சொல்லின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்துவதற்கு வேண்டியது ஒரு ஸ்பானர் செட், ஒரு கையேடு, நிறையப் பொறுமை. அடுத்த முறை தெருவில் மண் அள்ளும் வண்டியைப் பார்த்தால், அதன் தாத்தா எங்கே வேலை பார்த்திருப்பார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.