மலையகமும் பந்தயத் துண்டும்

சூதாட்டத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டா என்று ஆசிரிய நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். சூது மனித குணத்தின் கோளாறு; அது தருமபுத்திரன் காலத்திலும் இருந்தது, நம் காலத்திலும் இருக்கிறது; அதற்கு நீதி நூல் போதும், சரித்திர நூல் வேண்டியதில்லை என்பது அவருடைய கட்சி. வள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கு அடுத்தபடியாகச் சூதை வைத்துத்தானே அதிகாரம் செய்தார் என்றும் எடுத்துக் காட்டினார். நான் மறுக்கவில்லை. ஆனால் நீதி நூல் ஆடுகிறவனையே பார்க்கிறது; ஆட்டத்தின் சொந்தக்காரனை விட்டுவிடுகிறது. கவற்றைச் செய்து கொடுத்தவன் யார், பணயமாக வந்த பொருள் யாருடைய உழைப்பில் விளைந்தது, தோற்றவனுடைய பணம் எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கத் தொடங்கும்போது சூது சரித்திரத்துக்குள் வந்துவிடுகிறது.

இந்தக் கேள்விகளை நான் கேட்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு மாணவன். ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து வருகிறவன். 2024 மார்ச் மாதம் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ என்னும் கணினி விளையாட்டின் பெரும் போட்டி நடந்தது. ஐவர் கொண்ட இரண்டு அணிகள் திரையிலே துப்பாக்கியேந்தி ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தும் ஆட்டம் அது. பன்னிரண்டரை இலட்சம் டாலர் பரிசு. அரங்கு நிறைந்த கூட்டம். இறுதியாட்டத்தில் ‘நாட்டஸ் வின்செரே’ என்னும் அணி ‘ஃபேஸ்’ என்னும் அணியை வென்றது. தோற்ற அணியின் பேரில் என் மாணவன் கட்டியிருந்தது ஆயிரம் ரூபா. அப்போது தோட்டத் தொழிலாளியின் ஒரு நாட் சம்பளமும் அதே ஆயிரம் ரூபாதான். அவனுடைய தாய் கொழுந்து பறிக்கிறவர்.

பையனைக் கண்டிப்பது எளிது, கண்டித்தும் ஆயிற்று. அதன்பின் தான் இந்தப் பழைய கதைகளைப் புரட்டத் தொடங்கினேன்.

மலையகத்துத் தொழிலாளியின் வாழ்க்கையை ஒரு காகிதத் துண்டு நிர்ணயித்த காலம் உண்டு. அந்த முறைக்கே ‘துண்டு’ என்று பெயர். வெள்ளைக்காரத் துரைமாரும் தங்கள் ஆங்கில ஏடுகளில் இந்தத் தமிழ்ச் சொல்லையே எழுதி வைத்தார்கள். கங்காணி தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவரும்போது வழிச்செலவு, அரிசி, துணி என்று எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கடனாக ஏற்றுவான். ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று பழைய துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். கட்டிய தொகை தொழிலாளியின் பேரில் மறுபடியும் கடனாகும். அவன் கையெழுத்திடாத கடன், கணக்குப் பாராத கடன், எத்தனை தோட்டம் மாறினாலும் கூடவே வரும் கடன். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனாலோ, 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி சிறை காத்திருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

இங்கே சூதாட்டம் எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்கலாம். அதே காலத்தில், அதே மலைகளில், வேறொரு துண்டும் புழங்கிக் கொண்டிருந்தது. 1875இல் நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. கோப்பிப் பயிரை இலைநோய் தின்னத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. துரைமார் பலர் கடனில் மூழ்கிக் கொண்டிருந்தார்கள். ஆனாலும் திடல் எழுந்தது. தோட்டமே ஒரு பந்தயந்தானே! கோப்பி போனால் சிங்கோனா, சிங்கோனா போனால் தேயிலை என்று இலண்டன் சந்தையின் விலைமீது பணயம் வைத்தவர்களுக்குக் குதிரையின்மீது பணயம் வைப்பது புதிதல்ல. 1885இல் இரயில் நானுஓயாவை எட்டியபோது கொழும்புக் கனவான்களுக்கும் நுவரெலியா பக்கத்தூராயிற்று. சித்திரை மாதத்து வசந்த காலமும் பந்தயமும் பிரிக்க முடியாதவையாயின. இன்றும் அப்படியே இருக்கின்றன.

நம்மவர் அந்தத் திடலுக்குப் போனது குதிரைக்காரனாக. குதிரையைத் தேய்த்தான், தீனி வைத்தான், பனியில் நடத்திக்கொண்டு போனான். எந்தக் குதிரைக்கு எந்தக் கால் வலி என்பது துரைக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

சட்டம் இந்த இரண்டு உலகங்களையும் எப்படிப் பார்த்தது என்பது கவனிக்கத்தக்கது. 1889இல் வந்த சூதாட்டச் சட்டம், மக்கள் நடமாடும் தெருவிலோ பொதுவிடத்திலோ பணயம் வைத்து ஆடுவதைக் குற்றமாக்கிற்று. சேவற்போரும் அதன் வலைக்குள் விழுந்தது. குதிரைப் பந்தயத்துக்கோ 1930இல் தனிச் சட்டம் வகுத்து ஒழுங்கு செய்தார்கள். லயத்துக் கோடியில் நாலுபேர் சீட்டுப் போட்டால் பொலிஸ் வரும்; திடலின் மேடையில் நானூறு பேர் பணயம் கட்டினால் அது விளையாட்டு விழா. சேவலுக்கும் குதிரைக்கும் இருந்த வேறுபாடு அவற்றை வளர்த்தவர்களுக்கு இருந்த வேறுபாடே.

கொழும்பின் பந்தயத் திடல் 1893இல் கறுவாத்தோட்டத்தில் அமைந்தது. இரண்டாம் உலகப் போரில் அதை விமானத் தளமாக்கினார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது போர் விமானங்கள் அந்தப் பந்தயப் பாதையிலிருந்தே எழும்பின. போர் முடிந்து குதிரைகள் திரும்பி வந்தன. 1956ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின் பின் கொழும்புக் குதிரைப் பந்தயம் நின்று போயிற்று. முற்போக்காளர் பலரும் அதை வரவேற்றார்கள், வரவேற்க வேண்டியதுந்தான்.

ஆனால் நின்றது குதிரை, பணயம் நிற்கவில்லை. இதைத்தான் நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை என்பேன். இங்கே ஓடாத குதிரை இங்கிலாந்தில் ஓடிற்று. அங்கே பிற்பகலில் ஓடும் குதிரை நேர வித்தியாசத்தால் இங்கே அந்தி சாயும் வேளையில் ஓடும். கொழுந்து நிறுத்து, பேர் போட்டு, தொழிலாளி டவுனுக்கு இறங்கும் வேளையும் அதுதான். ‘புக்கி’ என்று மக்கள் சொல்லும் பந்தயக் கடைகள் நாட்டின் சிறு நகரங்களிலெல்லாம் வேரூன்றின, மலையகமும் விலக்கன்று. ஒருநாளும் கண்டிராத ஊரில், ஒருநாளும் கண்டிராத குதிரைக்கு, உச்சரிக்க வராத பெயரைச் சொல்லி, மனிதர்கள் காசு கட்டினார்கள். கடைக்காரன் எழுதிக் கொடுப்பதும் ஒரு துண்டு. 1988இல் அரசு இந்தக் கடைகள்மீது அறவீடு விதிக்கச் சட்டம் செய்தபோது, கண்ணை மூடிக்கொண்டிருந்த அரசு கையை நீட்டத் தொடங்கிற்று. தேசிய லொத்தர் சபையை 1963இலேயே நிறுவியிருந்த அரசுக்கு இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஏன் கட்டினார்கள்? பேராசை என்று நீதிமான் சொல்வார். நான் வேறொன்றைச் சொல்வேன். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மக்களின் குடியுரிமையைப் பறித்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது; இந்தப் பங்கில் யார் எந்தப் பக்கம் விழுவது என்பதே ஒரு குலுக்கல்தான். நிலம் இல்லை, லயத்துக் காம்பரா தனக்குச் சொந்தமில்லை, சேமித்து உயர வழியில்லை. உழைத்தால் உயரலாம் என்ற பாடத்தை நூற்றைம்பது ஆண்டு உழைப்பு பொய்யாக்கிவிட்ட இடத்தில், உழைக்காமல் உயரலாம் என்கிறவன் சொல் ஏறாதா? இது நியாயப்படுத்தல் அல்ல, நிலைமையைச் சொல்கிறேன். அந்தக் காசு பெரும்பாலும் பெண்ணின் காசு என்பதையும் சொல்லவேண்டும். பறிக்கிறவள் அவள், அவள் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. பணயம் வைக்கப்பட்டதை அவளிடம் எவரும் கேட்கவில்லை. கூத்து மேடையில் பாஞ்சாலிக்கு அழுகிற நாம் இதற்கு அழுவதில்லை.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். கணினி விளையாட்டைத் தொழிலாகக் கொண்ட வீரர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். இலங்கையிலும் 2019இல் அதற்கு விளையாட்டென்ற அரச அங்கீகாரம் கிடைத்தது. அந்த இளைஞர்களின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் திறமையைச் சுற்றி என்ன கட்டப்பட்டது என்று பாருங்கள். 2013இல் வால்வ் என்னும் அமெரிக்கக் கம்பனி, கவுன்டர் ஸ்ட்ரைக் துப்பாக்கிகளுக்கு வண்ண உறைகளை விற்பனைக்கு விட்டது. கைக்கு அகப்படாத அந்த உறைகளே பணயக் காயாயின. அடுத்த ஆண்டே, 2014 ஆகஸ்டில், ‘ஐபைபவர்’ என்னும் அமெரிக்க அணி வேண்டுமென்றே தோற்றது. எதிரணிமேல் பணயம் வைத்துப் பிறர் மூலம் இலாபம் பார்த்தார்கள். 2015 ஜனவரியில் செய்தி வெளிவந்து, தொடர்புடைய எழுவருக்குத் தடை விதிக்கப்பட்டது. 2016 ஜூலையில் வால்வ் பணயத் தளங்களுக்கு நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதிற்று. 2019 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலப் பொலிசார் இதே ஆட்டத்தில் முடிவை விலைபேசியதாக ஆறு பேரைக் கைது செய்தார்கள். நுவரெலியாக் குதிரைக்காரனுக்குத் தெரிந்த இரகசியம் இங்கே ஆடுகிறவனுக்கே தெரிந்திருக்கிறது.

மற்றொரு வேறுபாடு வேகம். இங்கிலாந்துக் குதிரை ஓட்டத்துக்கு ஓட்டம் அரை மணி நேரமாவது இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் ஒருவன் தேநீர் குடிக்கலாம், வெட்கப்படலாம், வீட்டுக்கும் போகலாம். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி. பதின்மூன்று சுற்று வென்றவன் வெற்றியாளன். ஆட்டத்தின்மேல் மட்டுமன்றி ஒவ்வொரு சுற்றின்மேலும் பணயம் கட்டலாம். கடைக்குப் போகவேண்டியதில்லை, துண்டும் வேண்டியதில்லை. லயத்துக் காம்பராவில் தாய் உறங்கும்போது போர்வைக்குள் நடக்கும்.

2025 ஆகஸ்டில் பாக்கு நீரிணையின் இருபுறமும் சட்டம் பிறந்தது. இந்தியா பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்து, மின்விளையாட்டைத் தனியே அங்கீகரித்தது. இலங்கை 1889, 1930ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்களை அகற்றி, இணையச் சூதாட்டத்தையும் சேர்த்து மேற்பார்க்க ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. முன்னது கதவைச் சாத்துகிறது; பின்னது வாசலில் ஆள் வைக்கிறது. கொழும்புத் திடலை மூடியபோது நடந்ததை நினைத்தால், சாத்திய கதவைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வாசலில் நிற்கும் ஆளைப் பற்றியோ அதைவிடக் குறைவு.

என் மாணவனிடம் ஓர் அப்பியாசக் கொப்பி இருந்தது. வென்றது, தோற்றது எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தான். கணிதத்தில் கெட்டிக்காரன். அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். சமபலமுள்ள இரண்டு அணிகள். எவர் வென்றாலும் ஒரு ரூபாவுக்கு ஒரு ரூபா எண்பத்தைந்து சதம் தருவதாகத் தளம் சொல்கிறது. ஒருவன் இந்த அணியிலும் மற்றொருவன் அந்த அணியிலும் ஆயிரம் ஆயிரமாகக் கட்டுகிறார்கள். வந்தது இரண்டாயிரம், வென்றவனுக்குக் கொடுத்தது ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது, மிச்சம் நூற்றைம்பது. ஆட்டத்தில் யார் செத்தாலும் இந்த நூற்றைம்பது சாவதில்லை. இப்படிக் கையில் நின்றதையே திரும்பத் திரும்பப் பத்துத் தடவை கட்டினால், சராசரியாகப் பார்க்குமிடத்து, ஆயிரம் ரூபா நானூற்று ஐம்பத்தொன்பதாகச் சுருங்கும். தாயின் ஒரு நாளில் அரைப் பேருக்கும் குறைவு.

“அந்த நூற்றைம்பது யாருக்குச் சேர்?” என்று அவன் கேட்டான்.

தளத்தின் அடியில் சிறிய எழுத்தில் அனுமதிப்பத்திரம் பெற்ற இடம் போட்டிருந்தது: குராசோ. சுவரில் தொங்கிய தேசப்படத்தில் தேடினோம். வெனிசுவேலாவுக்கு வடக்கே, டச்சு இராச்சியத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு தீவு. பதினேழாம் நூற்றாண்டில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளைத் தோட்டங்களுக்கு விற்க டச்சுக்காரர் சந்தை வைத்திருந்த இடம் அது என்றேன். பையன் சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கொப்பியை எடுத்து, அன்றைய தேதியைப் போட்டு, அந்த ஊரின் பெயரை எழுதிக்கொண்டான்.