பொன்னியின் செல்வருக்கு ஏற்ற முகம்

ஒரு நாவலை ஊன்றிப் படித்தோர் யாவரும் அதன் பாத்திரங்களுக்குத் தம் மனத்தகத்தே ஒரு முகம் அமைத்துவிடுகின்றனர். அந்நாவல் படமாகப் போகிறது என்னும் செய்தி வந்ததும், இன்ன பாத்திரத்துக்கு இன்னாரே பொருத்தமானவர் என்னும் வழக்காடல் தொடங்கிவிடுகிறது. தமிழில் இவ்வழக்காடல் நெடுங்காலம் நடந்தது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ பற்றியேயாகும்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் மக்களுக்கு இவ்வழக்கில் இருவகை உரிமை உண்டு. தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படும் ‘மோகனாங்கி’யை 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை அந்நகரில் தோன்றியவர். இது முதலாவது. கல்கியின் கதைத்தலைவனான அருள்மொழிவர்மன், இராசராசன் என முடிசூடியபின் பெற்ற பெயரைத் தாங்கிய பழம்பள்ளி ஒன்று அம்மாவட்டத்திலேயே உள்ளது. இது இரண்டாவது; முதலாவதினும் பெரியது.

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடர்ந்து வெளிவந்தது. ஓவியர் மணியம் அதற்குச் சித்திரம் தீட்டினார். வந்தியத்தேவனின் குறும்பையும் நந்தினியின் கொண்டையையும் குந்தவையின் மிடுக்கையும் வாசகர் முதன்முதற் கண்டது அச்சித்திரங்களிலேதான். ஆதலால், பிற்காலத்தில் நடிகரைத் தேடியோர் மணியத்தின் தூரிகையோடு போட்டியிட நேர்ந்தது.

முதலில் துணிந்தவர் இலங்கையின் மலையகத்திற் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன். 1958இல் அவர் இந்நாவலைப் படமாக்கப் போவதாக அறிவித்தார். வைஜயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, ஜெமினி கணேசன், பாலையா, நம்பியார், நாகையா முதலியோர் நடிப்பதாக இருந்தது. வந்தியத்தேவன், அருள்மொழிவர்மன் ஆகிய இரு வேடங்களையும் தாமே ஏற்க அவர் எண்ணினார். இவ்வெண்ணம் சிந்தனைக்குரியது. வந்தியத்தேவன் முதலிற் பேசிப் பின்னர் எண்ணுபவன். அருள்மொழியோ முதலில் எண்ணிப் பின்னர் பேசுபவன். இருவரும் இலங்கை மண்ணிலேதான் முதன்முதற் சந்தித்துக் கைகலந்து நண்பராகின்றனர். எதிரெதிர்க் குணங்கள் இரண்டையும் ஒரே முகத்திற் காட்டுவது எளிய செயலன்று. விபத்தொன்றில் எம். ஜி. ஆர். காயமுற்றமையால் பணி தடைப்பட்டது, படம் வெளிவரவில்லை. பின்னர் கமலகாசனும் முயன்று கைவிட்டார்.

மணிரத்தினத்தின் இயக்கத்தில் 2022இலும் 2023இலும் இரு பாகங்களாகப் படம் வெளிவந்தது. வந்தியத்தேவனாகக் கார்த்தியும், ஆதித்த கரிகாலனாக விக்கிரமும், குந்தவையாகத் திரிஷாவும், நந்தினியாகவும் ஊமைராணியாகவும் ஐசுவரியா ராயும், அருள்மொழியாக, அப்போது ஜெயம் ரவி எனப்பட்ட ரவி மோகனும் நடித்தனர். படம் வந்தபின்னும் வழக்கு ஓயவில்லை. ஒவ்வொருவரும் தாம் மனத்தில் வரைந்த முகத்தோடு திரைமுகத்தை ஒப்பிட்டனர்.

இவ்வழக்கைத் தீர்க்க அளவுகோல் உண்டா? ஒருவாறு உண்டு. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனையிற் பிறந்தோர்; அவர்களுக்கு நாவலே சான்று. ஆயின் குந்தவையும் வந்தியத்தேவனும் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டிலே கணவன் மனைவியராகக் குறிக்கப்பெற்றோர். அருள்மொழியோ தென்னாட்டு வரலாற்றின் நடுநாயகன். இத்தகையோருக்கு முகம் தேடுவோர் நாவலோடு கல்வெட்டையும் புரட்டுதல் வேண்டும்.

திருகோணமலை மாவட்டத்தில், பெரியகுளத்தின் அருகே, வெல்கம் விகாரை என்னும் பழைய பௌத்தப் பள்ளியின் சிதைவுகள் உள்ளன. சோழர் காலத்தில் அதற்கு வழங்கிய பெயர் இராசராசப் பெரும்பள்ளி. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள், புத்தபெருமானின் சந்நிதியில் விளக்கெரிக்க ஆநிரைகளும் காசும் வழங்கப்பட்டதைப் பதிவு செய்துள்ளன. தமிழ் பேசிய பௌத்தர் வழிபட்ட இடம், சைவப் பேரரசனின் பெயரால் விளங்கியது.

இதனால் சோழர் படையெடுப்பை மென்மையானதென்று கூறிவிட முடியாது. அனுராதபுரத்தின் வீழ்ச்சியும், விகாரைகள் சூறையாடப்பட்டதும், ஐந்தாம் மகிந்தன் 1017இல் சிறைப்பட்டதும் சிங்கள வரலாற்று நூலில் துயரத்தோடு கூறப்பட்டுள்ளன. ஒரு சாராருக்குப் பெருமையாகிய பெயர் மற்றொரு சாராருக்கு வடுவாகவும் இருத்தல் இத்தீவில் மறைக்கவொண்ணா உண்மை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மாவட்டத்தில், அவ்வரசனுக்கு எத்தகைய முகம் அமைக்கப்படுகிறது என்பது பொழுதுபோக்கான வினா மட்டுமன்று.

கல்கி இதனை உணர்ந்திருந்தார் போலும். அவர் படைத்த அருள்மொழி, அனுராதபுரத்தில் பிக்குகள் நள்ளிரவில் அளிக்க முன்வந்த சிங்காதனத்தை மறுத்துவிடுகிறான். அக்காட்சி கற்பனையே, ஆயினும் அவ்வேடத்துக்கு உரிய இலக்கணம் அதனுள் அடங்கியிருக்கிறது. வாள் வீசத் தெரிந்த நடிகர் பலர். குதிரையேற்றம் பயிற்சியால் வரும். கைக்கு எட்டிய முடியை வேண்டாமென்று கூறும்போது அச்சொல்லைப் பார்ப்போர் நம்புமாறு கூறவல்லவரே அவ்வேடத்துக்கு உரியவர்.

இனியும் எவரேனும் இந்நாவலைப் படமாகவோ மேடை நாடகமாகவோ ஆக்க முற்படுவாராயின், நடிகரைத் தெரிவு செய்யுமுன் ஒரு நாள் பெரியகுளத்துக்குச் சென்று அக்கல்வெட்டுகளின் முன் நிற்பாராக. தஞ்சைக் கோபுரம் அவ்வரசனின் உயரத்தைக் காட்டும். மணியத்தின் சித்திரத்திற் காணாத அவனது மற்றொரு சாயலை, பிற சமயத்தார் ஏற்றிய விளக்குக்குத் தன் பெயர் தாங்கிய பள்ளியில் இடமளித்த சாயலை, அங்கே காணலாம்.