சிப்புக்கு முன் பிறந்த மொழி

ஒரு சிப்புக்குக் கரண்ட் கொடுத்ததும் அது முதலில் என்ன செய்யும்? இன்றைக்கு நம் கையில் இருக்கும் போனை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் எழுதினால் ஒரு தனிப் புத்தகமே தேறும். ரோமில் உறங்கும் ஒரு குட்டி நிரல், அது எழுப்பும் பூட்லோடர், அந்த பூட்லோடர் எழுப்பும் இன்னொரு பூட்லோடர், கடைசியில்தான் இயங்குதளம். 1985இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரத்திலிருந்து வந்த ஒரு சிப் இதை ஒரே பைட்டில் முடித்தது. அந்தச் சிப்பிலிருந்து நான்கு இணைப்புகள் வெளியே போகும். அவற்றில் ஏதாவது ஒன்றில் முதல் பைட் வரும்வரை அது சும்மா காத்திருக்கும். வந்த எண் 0 என்றால், அடுத்து வரும் முகவரியில் அதற்கடுத்து வரும் மதிப்பை எழுதும். 1 என்றால், கேட்ட முகவரியில் இருப்பதைப் படித்துத் திருப்பி அனுப்பும். 2 அல்லது அதற்கு மேல் என்றால், 'பின்னால் இத்தனை பைட் நிரல் வருகிறது' என்று அர்த்தம். வாங்கி வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடும்.

அவ்வளவுதான். ரோம்கூட வேண்டாம், பக்கத்துச் சிப் இதை எழுப்பிவிடும். எழுந்த சிப் தன் பக்கத்துச் சிப்பை எழுப்பும். நூறு சிப்களை எழுப்ப ஒன்றைத் தட்டினால் போதும்.

இதை வடிவமைத்தவர்களுக்கு ஒரு விஷயம் முதல் நாளிலேயே தெரிந்திருந்தது: இந்தச் சிப் தனியாக வாழப் போவதில்லை. மல்டிகோர் என்ற சொல் விளம்பரத்துக்கு வருவதற்கு இருபது வருடம் முன்பு அவர்கள் அதை யோசித்தார்கள். சிப்பை மட்டும் யோசிக்காமல், அதில் ஓடப்போகும் மொழியையும் அதே மேஜையில், அதே நாட்களில் யோசித்தார்கள். அந்தச் சிப்பின் பெயர் டிரான்ஸ்பியூட்டர். அந்த மொழியின் பெயர் ஆக்கம்.

தமிழில் எழுதும்போது 'ஆக்கம்' என்றுதான் வருகிறது, நான் ஒன்றும் செய்யவில்லை. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி வில்லியம் ஆஃப் ஆக்கமின் பெயர் அது. தேவையில்லாமல் எதையும் பெருக்கிக்கொள்ளாதே என்ற கொள்கையோடு சேர்த்து நினைக்கப்படுபவர் அவர்.

கதை 1978இல் தொடங்குகிறது. நுண்சிப் தொழிலில் பின்தங்கிவிடுவோமோ என்ற கவலையில் பிரிட்டன் அரசு ஐமாஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்க 5 கோடி பவுண்ட் ஒதுக்கியது. அயன் பாரன் என்ற பிரிட்டிஷ் கணினி வடிவமைப்பாளரும், ரிச்சர்ட் பெட்ரிட்ஸ், பால் ஷ்ரோடர் என்ற இரண்டு அமெரிக்கர்களும் அதைத் தொடங்கினார்கள். நினைவகச் சிப்களுக்கு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ், நுண்செயலிக்கு பிரிஸ்டல் என்று வேலை பிரிந்தது. பாரனின் கனவு சொல்லிலேயே இருக்கிறது: டிரான்சிஸ்டர், கம்ப்யூட்டர் இரண்டையும் ஒட்டவைத்தால் டிரான்ஸ்பியூட்டர். டிரான்சிஸ்டர்களைக் கோத்து சர்க்யூட் கட்டுவதுபோல முழுக் கணினிகளைக் கோத்துப் பெரிய கணினி கட்ட வேண்டும்.

அதே 1978இல் டோனி ஹோர் ஒரு கட்டுரை எழுதினார். குவிக்சார்ட் முறையைக் கண்டுபிடித்த அதே ஹோர். தனித்தனியாக ஓடும் பல நிரல்கள் எப்படி ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பதுதான் கேள்வி. பொதுவான நினைவகத்தில் எல்லோரும் கை வைக்கும் முறையை அவர் ஒதுக்கிவிட்டார். ஒருவர் அனுப்ப வேண்டும், ஒருவர் வாங்க வேண்டும், இருவரும் தயாரானால்தான் பொருள் கைமாறும்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்தவர் கை காலியாகும்வரை நீங்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். யாரும் வீசுவதில்லை, யாரும் கீழே வைப்பதில்லை. ஹோர் சொன்னது இதைத்தான். இதற்கு மாறாக, எல்லோரும் ஒரே குவியலில் கைவிட்டு எடுக்கிற கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இன்றைய பெரும்பாலான மல்டிகோர் சிப்கள் அந்த இரண்டாவது கட்டடம்தான். விரல் நசுங்காமல் இருக்கத்தான் லாக், பேரியர், கேஷ் கோஹிரன்ஸ் என்று இத்தனை ஏற்பாடு.

ஐமாஸில் சிப்பின் கட்டமைப்பை வடிவமைத்த டேவிட் மே, ஹோரின் எண்ணத்தை ஒரு சின்ன மொழியாக்கினார். ஆக்கம் 1983இல் வெளியானது. டி414 என்ற 32 பிட் டிரான்ஸ்பியூட்டர் 1985இல்தான் வந்தது. மொழிதான் அக்கா.

மொழியும் சிப்பும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு மூன்று சாட்சி சொல்கிறேன்.

முதலாவது, சேனல். ஒரே சிப்புக்குள் இரண்டு நிரல்கள் பேசினால், சேனல் என்பது நினைவகத்தில் ஒரே ஒரு சொல். முதலில் வந்த நிரல் தன் முகவரியை அதில் எழுதிவிட்டுத் தூங்கப் போகும். இரண்டாவது நிரல் வந்ததும் வன்பொருளே செய்தியை நகலெடுத்து, தூங்கியவரை எழுப்பி வரிசையில் நிறுத்தும். வேறு சிப்போடு பேசினால் செய்தி வெளி இணைப்பில் போகும். ஆனால் இரண்டுக்கும் கட்டளை ஒன்றேதான். அனுப்புகிறவருக்கு எதிராளி பக்கத்து அறையா, பக்கத்து ஊரா என்று தெரியவேண்டியதே இல்லை. ஒரு சிப்பில் எழுதிச் சோதித்த நிரலைப் பத்துச் சிப்பில் பிரித்துப் போடலாம்.

இரண்டாவது, பதிவேடுகள். கணக்குப் போட மூன்றே மூன்று பதிவேடுகள், ஒரு குட்டி அடுக்காக. நான்காவது மதிப்பை ஏற்றினால் கீழே இருப்பது தொலைந்துபோகும், சிப் எச்சரிக்கைகூடத் தராது. அலட்சியமா? கிடையாது. மூன்றுக்கு மேல் போகாமல் கம்பைலர் பார்த்துக்கொள்ளும் என்பது ஒப்பந்தம். கம்பைலர் செய்யக்கூடியதற்கு எதற்கு சிலிக்கான் செலவழிக்க வேண்டும்?

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு நிரலை நிறுத்தி இன்னொன்றை ஓடவிடும் வேலையை இயங்குதளம் செய்யும் என்று படித்திருப்போம். டிரான்ஸ்பியூட்டரில் அதை வன்பொருளே செய்தது. சாதாரண முன்னுரிமை நிரலின் முறை முடிந்ததும் சிப் அதை உடனே நிறுத்தாது. தாவல், சுழற்சி முடிவு போன்ற சில கட்டளைகள் வரும்வரை பொறுத்திருக்கும். அந்த இடங்களில் மூன்று பதிவேடுகளிலும் காப்பாற்ற வேண்டிய எதுவும் இல்லாதபடி கம்பைலர் கோடு எழுதும். ஆகவே எங்கே விட்டோம் என்ற ஒரு முகவரியைக் குறித்துவைத்தால் போதும். மாற்றுவதற்கு மைக்ரோசெகண்ட் கணக்குதான். கம்பைலர் எழுதுகிறவரும் சிப் வரைகிறவரும் ஒரே அறையில் இல்லாவிட்டால் இப்படி ஓர் எண்ணம் தோன்றவே தோன்றாது.

நான் பல கோர்கள் உள்ள சிப்களுக்கு ஃபர்ம்வேர் எழுதிப் பிழைப்பவன். எங்கள் உலகத்தில் ஒரு சிப் கைக்கு வரும்போது கூடவே 'எர்ராட்டா' என்று ஓர் ஆவணம் வரும். சிப்பில் இருக்கும் பிழைகளின் பட்டியல். ஒவ்வொரு பிழைக்கும் கீழே ஒரு வரி இருக்கும்: மென்பொருளில் சமாளித்துக்கொள்ளவும். இரண்டு கோர்கள் ஒரே நினைவகத்தில் செய்தி பரிமாறும்போது, ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணுக்குத் தெரிய எங்கே கேஷைக் காலி செய்ய வேண்டும், எங்கே பேரியர் போட வேண்டும் என்று தேடியே எத்தனையோ இரவுகள் போயிருக்கின்றன. "இத டிசைன் பண்ணும்போது எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்பது எங்கள் கேன்டீனின் தேசிய கீதம். டிரான்ஸ்பியூட்டர் கதை என்னை இழுத்ததற்குக் காரணம் இதுதான். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது.

அந்தப் பதிலின் இனிப்பான பகுதி டி800. 1987இல் வந்த இந்தச் சிப்பில் தசமக் கணக்குக்கான அலகையும் உள்ளேயே வைத்தார்கள். இந்த அலகில் பிழை வந்தால் கண்டுபிடிப்பது கொடுமை, ஏனென்றால் எல்லா எண்களையும் போட்டுப் பார்க்க ஆயுள் போதாது. ஐமாஸும் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து வேறு வழி பார்த்தார்கள். தரநிர்ணயத்தைக் கணித மொழியில் எழுதி, அதிலிருந்து ஆக்கம் நிரலுக்கு வந்து, அதைப் படிப்படியாக உருமாற்றி சிப்பின் மைக்ரோகோடுவரை இறங்கினார்கள். ஒவ்வொரு படியிலும் அர்த்தம் மாறவில்லை என்று நிரூபித்தபடி. இது சாத்தியமானதற்குக் காரணம் ஆக்கம் அத்தனை சின்ன, கணிதச் சுத்தமான மொழி என்பதுதான். 1990இல் இதற்காக பிரிட்டிஷ் அரசியின் விருது கிடைத்தது. நான்கு வருடம் கழித்து இன்டெலின் பென்டியம் சிப்பில் வகுத்தல் பிழை வெளியே வந்தபோது அந்த நிறுவனம் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. க்ரே சூப்பர் கம்ப்யூட்டர் வாங்குவதில் அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் குறுக்கே நின்றபோது, 1988இல் புனேயில் சி-டாக் நிறுவனம் பிறந்தது. விஜய் பட்கர் தலைமையில் அவர்கள் 1991இல் வெளியிட்ட பரம் 8000இன் உள்ளே இருந்தவை டி800 டிரான்ஸ்பியூட்டர்கள். ஒரு பிரம்மாண்டச் சிப்பைச் செய்ய முடியாத நாடு, கோப்பதற்கென்றே பிறந்த சிப்களைக் கோத்து சூப்பர் கம்ப்யூட்டர் கட்டியது. பாரனின் கனவு அப்படியே பலித்த இடம் அது.

அப்புறம் ஏன் இன்று யாருடைய போனிலும் டிரான்ஸ்பியூட்டர் இல்லை?

காசு ஒரு காரணம். 1984இல் அரசு தன் பங்கை தார்ன் இஎம்ஐக்கு விற்றது, அவர்கள் 1989இல் எஸ்ஜிஎஸ்-தாம்சனுக்கு விற்றார்கள். ஆனால் காசின்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. எந்த நெருக்கம் சிப்பை அழகாக்கியதோ, அதே நெருக்கம் அதைக் கட்டிப்போட்டது. ஆக்கம் மொழியில் ஒரு நிரலுக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பது கம்பைல் செய்யும்போதே தெரிந்தாக வேண்டும். அதனால் ரிகர்ஷன் கிடையாது, ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்கும் வசதியும் கிடையாது. உலகமோ சி மொழியிலும் யூனிக்ஸிலும் எழுதிக்கொண்டிருந்தது. யூனிக்ஸ் வசதியாக உட்கார நினைவகப் பாதுகாப்பு வேண்டும், டிரான்ஸ்பியூட்டரில் அது இல்லை. "உங்க மொழி நல்லாத்தான் இருக்கு, எங்க பழைய கோடு ஓடுமா?" என்ற கேள்விக்கு ஐமாஸிடம் நல்ல பதில் தாமதமாகத்தான் வந்தது.

அடுத்ததாக 1991இல் அறிவித்த டி9000 வருடக்கணக்கில் தள்ளிப்போனது, சொன்ன வேகத்தையும் எட்டவில்லை. அதற்குள் சாதாரண ஒற்றைச் செயலிகள் வருடாவருடம் தாமாகவே வேகமாகிக்கொண்டிருந்தன. சும்மா காத்திருந்தாலே வேகம் வரும்போது, நிரலைப் பத்தாகப் பிரித்து எழுத யாருக்குத் தலையெழுத்து?

அந்த இலவச வேகம் 2004 வாக்கில் தீர்ந்தது. சூடு தாங்காமல் எல்லோரும் ஒரு சிப்பில் பல கோர்களுக்கு மாறினார்கள். சோனி, தோஷிபா, ஐபிஎம் சேர்ந்து செய்த செல் சிப் 2006இல் பிளேஸ்டேஷன் 3க்குள் வந்தது. ஒரு பெரிய கோர், எட்டு சின்ன கோர்கள் என்பது வடிவமைப்பு. சின்னவற்றுக்குத் தலைக்கு 256 கேபி நினைவகம், கேஷ் கிடையாது. எல்லாத் தரவையும் நிரலாளரே உள்ளே கொண்டுவந்து வெளியே அனுப்ப வேண்டும். பார்த்தால் டிரான்ஸ்பியூட்டரின் தூரத்து உறவுபோல இருக்கும். ஆனால் ஐமாஸ் மொழியிலிருந்து சிப்புக்கு இறங்கி வந்தது. இங்கே சிப்போடு கூடப் பிறந்த மொழி எதுவும் இல்லை. 2008இல் உலகின் முதல் பெட்டாஃப்ளாப் கணினியான ரோட்ரன்னரில் செல் குடும்பச் சிப்தான் உழைத்தது. நல்ல நிரலாளர்கள் கையில் அது பறந்தது. ஆனாலும் 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது சோனி எல்லோருக்கும் பழகிய எக்ஸ்86க்குப் போய்விட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது. மென்பொருளைக் கேட்காமல் சிப் செய்தால் அந்தக் கடனை நிரலாளர்கள் வட்டியோடு அடைக்கிறார்கள். ஒரே ஒரு மொழியை மட்டும் கேட்டுச் சிப் செய்தால் அந்த மொழிக்கு வெளியே இருக்கும் உலகத்தைச் சிப் இழக்கிறது. கேட்பது முக்கியம், யாரையெல்லாம் கேட்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம்.

ரிஸ்க்-வி இதைக் கொஞ்சம் கற்றுக்கொண்டதுபோல் தெரிகிறது. யாரும் உரிமத் தொகை இல்லாமல் பயன்படுத்தக்கூடிய இந்தக் கட்டமைப்பு 2010இல் பெர்க்லியில் தொடங்கியது. பல கோர்கள் ஒரே நினைவகத்தைப் பார்க்கும்போது எது முன், எது பின் என்று சொல்லும் அதன் விதிகளில் ஓட்டை இருப்பதை 2017இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சி மொழி தரும் வாக்குறுதிகளை அந்த விதிகளை வைத்துக்கொண்டு கம்பைலரால் காப்பாற்ற முடியாது என்பது அவர்கள் வாதம். விதிகள் திருத்தி எழுதப்பட்டன. மொழி, கம்பைலர், கட்டளைகள், சிப் நான்கையும் ஒரே நூலில் கோத்துச் சோதித்ததால்தான் அந்த ஓட்டை கண்ணில் பட்டது.

அந்த ரிஸ்க்-வியை எடுத்துத்தான் சென்னை ஐஐடியில் சக்தி செயலியை உருவாக்கினார்கள். 2018இல் அவர்கள் சிப் ஒன்றில் லினக்ஸ் ஓடியது. சிப் வடிவமைப்பு என்பது கடல் கடந்து நடக்கும் வேலை, நமக்கு வருவது எர்ராட்டா மட்டும்தான் என்று நம்பி வளர்ந்த தலைமுறை என்னுடையது. இப்போது கல்லூரியில் இருப்பவர்களுக்கு அந்த மேஜை கிண்டியிலேயே இருக்கிறது. கம்பைலர் தெரிந்த ஒருவரும் சிப் தெரிந்த ஒருவரும் அதில் எதிரெதிரே உட்கார்ந்து, இந்த வேலையை நீ செய்கிறாயா நான் செய்யவா என்று பேசிக்கொள்ளலாம். மூன்று பதிவேடு போதும் என்று பிரிஸ்டலில் முடிவானது அப்படிப்பட்ட ஒரு பேச்சில்தான்.