பம்பாயில் குடிபுகுந்தோரும் வாடகைச் சட்டமும்

பிழைப்பை நாடி அயல் மாநிலம் செல்வோர்க்கு முதற்கண் வேண்டுவன வேலையும் வீடும் ஆகும். இந்தியக் குடிமகன் எவனும் நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கலாம், நிலையாகக் குடியேறலாம் என்று நமது அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகின்றது. உரிமை சட்டத்தில் இருப்பினும், வீட்டின் சாவி சொந்தக்காரரிடம் அன்றோ இருக்கிறது! அச்சாவி புதிதாய் வருவோர்க்கு எட்டாமற்போன விதத்தைப் பம்பாயின் வரலாறு நமக்கு நன்கு விளக்கும்.

1896ஆம் ஆண்டில் அந்நகரைக் கொள்ளைநோய் தாக்கிற்று. நெருக்கடியைத் தணிக்க 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைக்கப்பட்டது. வடக்கே தாதர், மாதுங்கா போன்ற பகுதிகளில் அது திட்டமிட்டுத் தெருக்களை அமைத்தது. ‘சால்’ எனப்படும் தொடர்க்குடியிருப்புகளில் குழாயும் கழிப்பிடமும் பலருக்கும் பொது. மாதுங்காவின் மாடி வீடுகளிலோ ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனித்தனியே சமையலறையும் குளியலறையும் இருந்தன. 1920களிலும் 1930களிலும் குமாஸ்தா வேலைக்கும் சுருக்கெழுத்து வேலைக்கும் சென்ற நம்மவர் பலர் அவற்றை விரும்பிக் குடிபுகுந்தனர். ஊர்க்காரரும் உறவினரும் அவர்களுக்குப் பிணையாக நின்றனர். 1932இல் அங்கே தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றிற்று.

முதல் உலகப் போரின் இறுதியாண்டில் வீட்டுப் பஞ்சம் முற்றவே, 1918இல் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. அதனினும் விரிவான சட்டம் 1947இல் வந்தது. பழைய வீடுகளுக்கு 1940 செப்டம்பர் 1ஆம் தேதியன்று இருந்த வாடகையே நியாய வாடகை என்றும், தக்க காரணமின்றிக் குடியிருப்போரை வெளியேற்றலாகாது என்றும் அது விதித்தது. சொற்ப வருவாயினர் தெருவில் நில்லாமல் காத்த பெருமை அச்சட்டத்திற்கு உண்டு.

ஆனால் அக்காப்பு முன்னரே உள்ளே இருந்தவர்க்கே பயன்பட்டது. விலைவாசி ஏறியும் வாடகை ஏறவில்லை. ஆதலின் சொந்தக்காரர் பழுது பார்ப்பதைக் கைவிட்டனர். காலியாகும் வீட்டிற்குப் ‘பகடி’ என்னும் பெருந்தொகையை மறைவாகக் கேட்கலாயினர். அது குற்றமென்று சட்டம் சொல்லியும் வழக்கம் ஒழியவில்லை. கைப்பொருள் இல்லாத புதியவர் என் செய்வார்? ‘லீவ் அண்டு லைசென்ஸ்’ என்னும் அனுமதி முறையில் இடம் பெற்றார். 1973 பிப்ரவரி 1ஆம் தேதியன்று அவ்வாறு குடியிருந்தோரைச் சட்டத் திருத்தம் ஒன்று வாடகைக் குடிகளாக ஆக்கிற்று. அவர்கள் பிழைத்தனர், அடுத்து வந்தவர்க்கு வீடு கொடுக்கவே சொந்தக்காரர் அஞ்சினர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தாராவியில் தோல் பதனிட்டு உழைத்த நம் மக்கள் பலருக்கோ, சட்டம் காக்கத்தக்க வாடகைச் சீட்டே இல்லை. குடிசையே அவர்களுக்கு வீடாயிற்று.

காலத்திற்கேற்ப மாறாத வாடகை விதி நியாயமற்றதாகிவிட்டது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பகடியைச் சட்டபூர்வமாக்கியது. ஆண்டுக்கு 4 சதவீதம் வாடகை உயர்த்தவும் இடமளித்தது. அனுமதிக் காலம் முடிந்ததும் வீட்டைத் திரும்பப் பெறச் சொந்தக்காரருக்கு விரைவான வழியும் வகுத்தது. அதனால் புதியவர்க்குக் கதவு ஓரளவு திறந்தது. எனினும், காலம் முடிந்தால் அவர் வெளியேறியே தீர வேண்டும்.

அதே சட்டத்தின் 55ஆம் பிரிவு நாம் கருத்தில் இருத்த வேண்டியது. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவாக வேண்டும். பதிவு செய்விக்கும் பொறுப்பு சொந்தக்காரருடையது. பதிவு இல்லையெனில், மறுத்து மெய்ப்பிக்கப்படும் வரை, நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் கூறுவதே ஏற்கப்படும். பிணை நிற்கும் உறவினர் அருகில் இல்லாத ஊரில் அப்பதிவுப் பத்திரமே நமக்குத் துணை. ஆதலின் மும்பையில் முன்பணம் கொடுக்குமுன் பதிவைக் கேட்போம். கொடுத்த தொகைக்கெல்லாம் ரசீது பெற்று வைப்போம்.